புகை குடித்த வண்டி

கோவில்பட்டியில் ஒரு வீட்டில் "அண்ணன் வண்டி" என்று ஒரு வசவு புழக்கத்தில் இருந்தது. குக்கர் விசில் அடிக்காமல் இழுத்தடித்தால் அண்ணன் வண்டி. கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டே தண்ணீர் எடுக்காவிட்டால் அண்ணன் வண்டி. சொன்ன நேரத்துக்கு வராத கொத்தனார்கூட அண்ணன் வண்டிதான். அந்த அண்ணன் நான். வண்டியும் என்னுடையதே.

கதை பழசு. இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் என் தங்கை பத்மாவுக்குக் கோவையில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார். கடைவீதி நடுவில் டப் டப்பென்று நாலு வெடி வெடித்து வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். போட்டோக்காரன் அதைப் படம் வேறு எடுத்துத் தொலைத்தான். ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது. நானாவது கோவையில் என் பாட்டுக்கு இருக்கிறேன். பத்மா கோவில்பட்டியில், வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டிலேயே இருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். போனில் பத்மா ஒரே பிடியாகச் சொன்னாள்: "பஸ்ல வராத அண்ணா. வண்டியிலயே வா. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"வேற நல்ல வண்டி பாத்துக்கலாம் பத்மா."

"அதே வண்டிதான் வேணும்."

மூன்று மாதம் உழைத்தேன். மில்லில் நான் மெயின்டனன்ஸ் போர்மேன். இயந்திரம் எனக்குப் புதிதில்லை. எஞ்சினைப் பிரித்து மாட்டினேன். வண்டி ஐம்பதுகளில் வந்த இங்கிலீஷ் கார். கம்பெனி பெயரைச் சொன்னால் அதை வைத்திருக்கிற மற்றவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். எல்லாம் முடித்து, எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பைக் காட்டும் ஒரு மீட்டரையும் வாங்கி டேஷ்போர்டில் பொருத்தினேன். வேக்குவம் மீட்டர். முள் பதினெட்டுக்கு மேல் அசையாமல் நின்றால் எஞ்சினுக்கு ஆரோக்கியம். ஆடினாலோ இறங்கினாலோ எங்கேயோ கோளாறு. இந்தத் தடவை என்னை எதுவும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடிகாலையில் கிளம்பினேன். விருதுநகர் வரைக்கும் வண்டி ராஜா மாதிரி வந்தது. அங்கே எண்ணெய்ப் புரோட்டா நாலு சாப்பிட்டேன். எங்கள் ஊரில் புரோட்டாவைப் பிய்த்துத் தின்போம். இங்கே அப்பளம் மாதிரி நொறுக்கிச் சால்னாவில் முக்குகிறார்கள். முதல் இரண்டு புரோட்டாவுக்குக் குறை சொன்னேன், அடுத்த இரண்டுக்குச் சொல்லவில்லை.

சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்க நிறுத்தினேன். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. தட்டோடு ஒரு அம்மா ஜன்னல் பக்கம் குனிந்தார். "டப்!" என்றது வண்டி. "ஏ ஆத்தா!" என்று அவர் துள்ளியதில் பாதிப் பிஞ்சு தரையில். "என்னண்ணாச்சி, துப்பாக்கியா வச்சிருக்கீய?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கீழே விழுந்ததையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். மீட்டரைப் பார்த்தேன். முள் பன்னிரண்டில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சின் தன் இழுப்பால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே வாங்கும். வழியில் ஒரு ஓட்டை இருந்தால் காற்று கூடிப்போய்க் கலவை நீர்த்துவிடும். நீர்த்த கலவை மெதுவாக எரியும். எரிந்து முடிவதற்குள் காற்று வருகிற வால்வுக் கதவு திறக்கும், தீ வந்த வழியே திரும்பி கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். கோவையில் நாங்கள் அதை "வண்டி அடிக்குது" என்போம். கோவில்பட்டியில் "வண்டி சுடுது" என்கிறார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் போய்ச் சேர வேண்டிய வீடு தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டுக்குள் இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்பார்கள்.

கேட்டுக்கு ஐம்பது அடி தூரத்தில் வண்டி இன்னொரு தடவை சுட்டது. வாட்ச்மேன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அங்கனயே ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி! பீடியக்கூட கேட்டுல குடுத்துட்டுத்தான் உள்ள போறோம். நீங்க வெடிச்சுக்கிட்டே வாரீயளே!"

நியாயம்தான். உள்ளே கொட்டகை முழுக்க மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காய்கின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு ரோட்டில் நின்றேன். சத்தம் கேட்டுப் பெரியவர் வெளியே வந்தார். பத்மா புருஷனின் அண்ணன், ஆபீஸ் முதலாளி, அன்றைக்கு வண்டி தள்ளிய அதே ஆள். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாங்க மாப்ளே. இருவத்திநாலு வருசமா அந்த வெடி இன்னும் தீரலையா?"

"பிரயாணத்துல சின்னக் கோளாறுங்க மச்சான். சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கேட்டுக்குள்ள சுடாம வந்திச்சின்னா அழைப்புக்கு ஒங்க வண்டி. இல்லைன்னா வெள்ளைக் கார் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

பத்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு எனக்கு. முதல் மடக்கிலேயே உப்புக் கரித்து முகம் சுளித்துவிட்டேன். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "சரியாயிரும்லா அண்ணா?" என்றாள். கோவையில் பிறந்தவள் வாயில் இப்போது 'லா' வருகிறது.

வியாழக்கிழமை காலையில் எட்டயபுரம் ரோட்டில் தங்கராசு என்கிற மெக்கானிக்கின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பெரும்பாலும் லாரி வேலை பார்க்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"வேக்கம் போவுது அண்ணாச்சி. எங்கனயோ ஏர் இழுக்குது."

"ஜாயின்ட் ஒண்ணு விடாம நான் பாத்துட்டேனுங்க. இது டைமிங் கோளாறு."

அவர் எஞ்சின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டில், மீட்டருக்காக நான் துளை போட்டுச் சொருகிய பித்தளைக் குழாயில் விரல் நின்றது. "இது?"

"அது நான் போட்டதுங்க."

பதில் அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் என்ன பார்க்க இருக்கிறது என்கிற மாதிரி சொன்னேன். தங்கராசு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, ஒங்க இஷ்டம்" என்றார். மத்தியானம் வரைக்கும் அந்த மனுஷனை ஆட்டி வைத்தேன். பாயின்ட் மாற்றச் சொன்னேன். பிளக் மாற்றச் சொன்னேன். வால்வு இடைவெளியை அளக்கச் சொன்னேன். தீப்பொறி விழுகிற நேரத்தை, அதுதான் டைமிங்கை, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் திருப்பினேன். முள் பதினாலுக்கு ஏறியது. "பாத்தீங்களா?" என்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்கக் கழுகுமலை ரோட்டில் போனோம். வைகாசி வெயில். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் செருப்போடு கால் உள்ளே போய்விடும். தென்னையும் வாழையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிசு என்று பட்டது. ஒரு சின்ன மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். டமார்! பானெட்டுக்குள்ளிருந்து புகை. தங்கராசு குதித்து இறங்கி, ஏர் ஃபில்டரில் பிடித்த தீயைத் தன் துண்டாலேயே அடித்து அணைத்தார். அதன் பிறகு எஞ்சின் அசையவே இல்லை.

வேலிக்கருவை நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் தங்கராசு விவரம் சொன்னார். கல்யாண வண்டி, நாளைக் கழித்து மாப்பிள்ளை அழைப்பு என்று. அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "இதிலா மாப்பிள்ளை ஏறப் போறான்?" என்றார் ஒருவர். "ஏன், நல்லதுதானே. தனியா வெடி வாங்க வேண்டாம்" என்றார் மற்றவர்.

எங்கள் மில்லில் பாதிப் பேர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. முப்பது வருடம் கேட்ட பாஷை. "மாப்பிள்ளை பயப்பட மாட்டான், பொண்ணோட மாமன்தான் பயந்து போயிருக்கான்" என்று தெலுங்கிலேயே சொன்னேன். இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அப்படி ஒரு சிரிப்பு. வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் விட்ட கம்பங்கூழும் வறுத்த மோர்மிளகாயும் கொடுத்தார்கள். வெயிலில் வெந்து போன வயிற்றுக்கு அதைப் போல ஒன்றை நான் குடித்ததில்லை. அப்புறம் அவர்களே டிராக்டர் கொண்டுவந்து வடக்கயிறு கட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்தார்கள்.

கோவில்பட்டி பஜார் வழியாக, சாயங்காலம் நாலு மணிக்கு, டிராக்டருக்குப் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கடலைமிட்டாய்க் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவர் ஆபீஸ் ஆளைக் கூப்பிட்டு, "அந்த வெள்ளைக் காரு டிரைவரைத் தயாரா இருக்கச் சொல்லு" என்றார், எனக்குக் கேட்கும்படியாக.

பத்மா சமையலறையிலிருந்து வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "இவிய என்னைக் கொடுமைப்படுத்தலை அண்ணா. நல்லாத்தான் வச்சிருக்காவ. அந்த ஒரு பேச்சுதான். எனக்கு மருமகன் வரப் போறான், இனி அவன் முன்னாலயும் அதைத்தான் சொல்லுவாவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த வண்டி ஓடிட்டாப் போதும்."

"ஓடும்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓடியே தீர வேண்டும் என்று அந்த நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே பட்டறையில் இருந்தேன். கார்புரேட்டரைப் பிரித்தோம், கழுவினோம், மாட்டினோம். வண்டி கிளம்பியது. அதே நடுக்கம், அதே பன்னிரண்டு. பதினொரு மணி ஆயிற்று. தங்கராசு கீழே உட்கார்ந்து டீ குடித்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் காதர் பாய் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடை கடையாகப் போய்ச் சாம்பிராணிப் புகை போடுகிறவர். எங்கள் ஊரிலும் உண்டு. பச்சைத் தலைப்பாகை, ஒரு கையில் கனல் சட்டி, ஒரு கையில் விசிறி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த என் வண்டியைப் பார்த்ததும், வியாபாரத்துக்குப் போடுகிற மாதிரி அதற்கும் போட வந்தார்.

"பாய்! பெட்ரோல்! அங்கனயே நில்லுங்க!" என்று தங்கராசு கத்தினார்.

காதர் பாய் நாலடி தள்ளி நின்று, சட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு விசிறினார். வெள்ளைப் புகை மெதுவாக வந்து திறந்த பானெட்டின் மேல் தவழ்ந்தது. எஞ்சின் மேல் பரவி மேலே போனது. ஒரு இடத்தில் மட்டும் மேலே போகவில்லை. நூல் மாதிரி மெலிந்து, வளைந்து, கீழே இறங்கி மறைந்தது. எங்கள் யாருக்கும் முன்னால் பாய்தான் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டி என் புகையைக் குடிக்குதுலா!"

ஓடிப்போய்க் குனிந்தேன். புகை இறங்கிய இடம் நான் போட்ட பித்தளைக் குழாயின் கழுத்து.

தங்கராசு பாயைத் தெருப்பக்கம் அனுப்பிவிட்டு வந்தார். விரலில் கிரீஸை எடுத்து அந்தக் கழுத்தைச் சுற்றி அப்பினார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நிமிர்ந்தது. நடுக்கம் போய்விட்டது. டேஷ்போர்டில் முள் ஏறி ஏறிப் பத்தொன்பதில் நின்றது.

கழற்றிப் பார்த்தோம். நான் போட்ட துளை கோணல். மரை பாதிதான் பிடித்திருந்தது. கோவையில் இறுக்கிய இறுக்கு, விருதுநகர் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டுச் சூட்டில் தளர்ந்திருக்கிறது. இழுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்த குழாயே இழுப்பைக் கெடுத்திருக்கிறது. முந்தின நாள் தங்கராசுவின் விரல் அங்கே நின்றதும், நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சொல்லிக் காட்டுங்க மேஸ்திரி, கேட்டுக்கறேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? அவனவன் போட்டது அவனவன் கண்ணுக்குத் தெரியுமா? நானும் லாரியில இப்படி முழிச்சிருக்கேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மரையைச் சீர்செய்து, செம்பு வாஷர் போட்டு, ஒரு போல்ட்டால் துளையை ஒரேயடியாக அடைத்தார். நான் திருப்பித் திருப்பி வைத்த டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மீட்டரின் குழாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"முள் இல்லாம எனக்கு எப்படிங்க தெரியும்?"

"காது இருக்குலா அண்ணாச்சி."

தெருவில் அடுத்த கடைக்குப் போய்விட்ட காதர் பாயைத் துரத்திப் பிடித்து, கல்யாணத்துக்கு வரச் சொன்னேன். "வாரேன். சட்டியையும் எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். வாட்ச்மேன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகைக்குழாயிலும் கேட்டார். கேட்டின் ஒரு கதவைத் திறந்தார், யோசித்தார், மறு கதவையும் திறந்தார். பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ம்" என்றார். வெள்ளைக் காரை மட்டும் போகச் சொல்லவில்லை. "பின்னால ஒரு துணைக்கு வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம், பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு. பழைய வண்டிக்கு வேகமாகப் போவது கஷ்டமில்லை; நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் போவதுதான் கண்டம். மாப்பிள்ளை பின் சீட்டில். பெரியவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவரை அங்கே உட்காரச் சொன்னது பத்மா என்று பிறகு தெரிந்தது. மீட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டு ஓட்டினேன்.

பஜார் முக்கில், "டமார்!"

நாதஸ்வரம் நின்றது. முன்னால் போன நூறு பேரும் திரும்பி என் வண்டியைப் பார்த்தார்கள். பெரியவர் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது, இறங்கித் தள்ளுவதற்கு. எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் காலுக்கடியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடங்கலும் இல்லாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது "டமார்" கேட்டது. சிவப்புக் காகிதத் துணுக்குகள் பானெட் மேல் வந்து விழுந்தன. "வெடிலா போடுதாங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஊர்வலமே சிரித்தது. பெரியவர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பத்மா நின்றாள். மாப்பிள்ளை இறங்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இருட்டத் தொடங்கிய நேரம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்தார், இழுத்தார். அது இருமிவிட்டு நின்றது.

"என்னடே இது, அண்ணன் வண்டி மாதிரி…" என்று பெரியவர் வழக்கப்படி ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிறுத்தவும் பார்த்தார்.

"எங்க அண்ணன் வண்டி மாதிரி இருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்லா பெரியத்தான்" என்றாள் பத்மா.

இருட்டில் முதலில் சிரித்தது பெரியவர்தான். "அதுவும் சரிதாம்மா" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "மாப்ளே, லைட்டைப் போடுங்க" என்றார்.

போட்டேன். மண்டப வாசல் முழுக்க மஞ்சள் வெளிச்சம். டைனமோ வண்டி, எஞ்சின் மெதுவாக ஓடினால் விளக்கு மங்கிவிடும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் நடுங்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பத்மா மருமகனுக்கு ஆரத்தி சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள். அப்புறம் தட்டோடு நேராக வண்டிக்கு வந்தாள். விரலை ஆரத்தியில் தொட்டு பானெட்டுப் பக்கம் நீட்டினாள்.

"தொடாத பத்மா, சுடும்" என்றேன்.

"சுடாது அண்ணா" என்று சொல்லிப் பொட்டு வைத்தாள். "இனிமே சுடாது."